அத்தியாயம் 7: பொழுது சாய்ந்த பிறகு டிஸ்னி வேர்ல்ட்

நம் குடும்பங்கள் பெரும்பாலும் காலை எட்டு மணிக்கே டிஸ்னி வேர்ல்ட் வாசலில் நின்றுவிடுகின்றன. டிக்கெட் விலையை நினைத்தால் ஒரு நிமிடத்தைக்கூட விட மனம் வருவதில்லை. பதினொரு மணிக்கு வெயில் ஏறுகிறது. இரண்டு மணிக்குக் குழந்தை சிணுங்கத் தொடங்குகிறது, பாட்டிக்குக் கால் வீங்குகிறது, அப்பாவும் அம்மாவும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுகிறார்கள். ஏழு மணிக்கு எல்லோரும் அறைக்குத் திரும்பிப் படுத்துவிடுகிறார்கள். கோட்டையில் விளக்கு ஏறுவதும், வாணம் வெடிப்பதும், வரிசைகள் கரைவதும் அதற்குப் பிறகுதான். கொடுத்த காசின் சிறந்த பகுதியைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள்.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான்: இரவை முதலில் திட்டமிடுங்கள், பகலை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். காலையில் தொடங்கி, தெம்பு இருக்கும்வரை சுற்றுவது என்ற முறையில் இரவு கிடைக்காது. அதற்கென்று தெம்பைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கே கிடைக்கும்.

ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோவை ஒட்டி, ஏறத்தாழ 40 சதுர மைல் பரப்பில் விரிந்து கிடக்கிறது இந்த இடம். 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் திறக்கப்பட்டது. எப்காட் 1982இலும், இன்று ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்று அழைக்கப்படும் பூங்கா 1989இலும், அனிமல் கிங்டம் 1998இலும் சேர்ந்தன. நான்குக்கும் தனித்தனி வாசல், தனித்தனி நேரம். இரவும் நான்கில் நான்கு விதமாக இருக்கும்.

ஏன் இரவு

முதல் காரணம் வெயில். ஜூன் முதல் செப்டம்பர் வரை பகல் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியஸைத் தொடும். சென்னையில் வளர்ந்தவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் சென்னையில் யாரும் நண்பகலில் ஆறு மணி நேரம் தார்ச்சாலையில் நடப்பதில்லை. புழுக்கமும் நம் கடற்கரை ஊர்களுக்குச் சளைத்ததல்ல.

இரண்டாவது காரணம் மழை. கோடை மாதங்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடியுடன் மழை கொட்டுவது அங்கே வழக்கம். மின்னல் அடித்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். இந்த மழை பெரும்பாலும் நீண்ட நேரம் நீடிக்காது. பொழுது சாய்வதற்குள் ஓய்ந்து காற்று குளிர்ந்துவிடும். நனைந்த குடும்பங்கள் பல அறைக்குப் போய்விடும். மழை விட்ட மாலையில் பூங்காவுக்குள் நுழைபவர்களுக்கு இடமும் இருக்கும், குளுமையும் இருக்கும்.

மூன்றாவது காரணம் வரிசை. பூங்கா மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் காத்திருப்பு நேரம் பெரும்பாலும் வெகுவாகக் குறையும். மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வரிசையில் சேர்ந்துவிட்டாலும் உங்களை ஏற்றித்தான் அனுப்புவார்கள். ஆகவே மிக நீண்ட வரிசை உள்ள ரைடைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, இரவுக் காட்சிகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. வாணவேடிக்கை, ஊர்வலம், நீர்க்காட்சி எல்லாம் அன்றைய டிக்கெட்டிலேயே அடங்கும். சிற்றுண்டியோடு தனி இடம் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் ஏற்பாடுகளும் உண்டு. அவை இல்லாமலே நன்றாகப் பார்க்க முடியும்.

சூரியன் மறையும் நேரம்

பயண மாதத்தை முடிவு செய்ததும் பார்க்க வேண்டிய முதல் தகவல் இது. ஆர்லாண்டோவில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு 8.25 ஆகிவிடும், டிசம்பரில் 5.30க்கே மறைந்துவிடும். ஏறத்தாழ மூன்று மணி நேர வித்தியாசம். கோடையில் போனால் இருட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். வாணவேடிக்கை 9 மணிக்கு மேல்தான் நடக்கும். சின்னக் குழந்தைகளுக்கு அது தாமதம். டிசம்பர், ஜனவரியில் போனால் மாலை ஆறு மணிக்கே முழு இரவு. விளக்கொளியில் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வாணவேடிக்கைக்கு வந்து நிற்கலாம். ஆனால் குளிர் கால இரவுகளில் வெப்பம் 10 டிகிரி வரை இறங்கும். ஃபுளோரிடா என்றாலே வெயில்தான் என்று நம்பி வரும் தாத்தா பாட்டிக்கு ஒரு ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

பகலை வெட்டுவது எப்படி

இரண்டு முறைகள் உண்டு. உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்.

முதல் முறை, நாளை இரண்டாகப் பிரிப்பது. காலை பூங்கா திறக்கும்போதே உள்ளே போங்கள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் வெளியே வந்து அறைக்குத் திரும்புங்கள். சாப்பாடு, தூக்கம், குளியல். ஐந்து மணிக்கு மீண்டும் கிளம்பி, இரவு பத்து, பதினொன்று வரை இருங்கள். டிஸ்னியின் ஓட்டல்களில், அல்லது பூங்காவிலிருந்து இருபது நிமிடத்துக்குள் உள்ள விடுதியில் தங்கினால் இது எளிது.

இரண்டாவது முறை, காலையை முழுதாக விட்டுவிடுவது. மூன்று நான்கு நாள் பயணத்தில் ஒரு நாளையாவது இப்படி வையுங்கள். காலையில் நீச்சல் குளம், மதியம் நல்ல தூக்கம், மாலை நான்கு மணிக்குப் பூங்கா. கைக்குழந்தையோ எழுபது வயதைத் தாண்டியவர்களோ உடன் இருந்தால் இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

மதியத் தூக்கத்துக்குப் போராட வேண்டிய தேவை நம்மில் பலருக்கு இருக்காது. இந்தியாவிலிருந்து வந்திருப்பவர்களின் உடம்புக் கடிகாரம் முதல் சில நாட்கள் ஊர் நேரத்திலேயே ஓடும். கோடையில் ஆர்லாண்டோ இந்தியாவைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. குளிர் காலத்தில் பத்தரை மணி நேரம். கோடையில் அங்கே பிற்பகல் 1 மணி என்றால் சென்னையில் இரவு 10.30. பாட்டிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரம் அது. தூங்க விடுங்கள். அங்கே இரவு 9 மணி என்பது சென்னையின் காலை 6.30, மதியம் தூங்கிய பாட்டி அப்போது தெளிவாக இருப்பார். விமானம் இறங்கிய நாளை மட்டும் முழு ஓய்வுக்கு விட்டுவிடுங்கள்.

கலிஃபோர்னியாவிலிருந்து போகும் குடும்பங்களுக்கும் இரவு சாதகமானதே. ஆர்லாண்டோவின் இரவு 9 அவர்களுக்கு மாலை 6தான். குழந்தைகள் களைப்பே இல்லாமல் விழித்திருப்பார்கள். ஆனால் அங்கே காலை 8 என்றால் அவர்களுக்கு விடிகாலை 5. அந்த நேரத்தில் குழந்தைகளை எழுப்பி வாசலில் நிறுத்துவது வீண் சண்டையில்தான் முடியும்.

மேஜிக் கிங்டம்: கட்டாயம் இரவில்

ஒரே ஓர் இரவுதான் கையில் இருக்கிறது என்றால் அதை இங்கே செலவிடுங்கள். 189 அடி உயரமுள்ள சிண்ட்ரெல்லா கோட்டையின் சுவர்களே திரையாக மாறும். மேலே வாணவேடிக்கை, கீழே கோட்டை முழுவதும் ஓடும் ஒளிப்படங்கள், அதோடு பாட்டு. மூன்றும் இணைந்த ‘ஹேப்பிலி எவர் ஆஃப்டர்’ என்ற இந்தக் காட்சி 2017இல் தொடங்கியது. இடையில் நிறுத்தப்பட்டு 2023இல் திரும்பி வந்தது. சுமார் 18 நிமிடம் நடக்கும்.

எங்கே நிற்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோட்டைக்கு மிக அருகில் போனால் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். கோட்டைக்குப் பின்னாலிருந்து எழும் வாணங்கள் பாதி மறைந்துவிடும். வால்ட் டிஸ்னியும் மிக்கி மவுஸும் கைகோத்து நிற்கும் சிலைக்குப் பின்புறம், மெயின் ஸ்ட்ரீட் தொடங்கும் இடத்தை ஒட்டி நில்லுங்கள். கோட்டையும் வானமும் ஒருசேரத் தெரியும். கூட்டம் மிகுந்த நாட்களில் முக்கால் மணி நேரம் முன்னதாகவே இடம் பிடிக்க வேண்டும். ஒருவர் இடம் பிடிக்க, மற்றவர் சாப்பாடு வாங்கி வரலாம். குழந்தையைத் தோளில் ஏற்றுவதற்கு முன் பின்னால் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். பின்னால் இருக்கும் குழந்தைகளுக்கு உங்கள் திரை மட்டுமே தெரியும்.

இதே பூங்காவில் 2025 ஜூலையில் ‘ஸ்டார்லைட்’ என்ற இரவு ஊர்வலம் தொடங்கியது. விளக்குகளால் இழைத்த வண்டிகள் வரிசையாக வரும். இரண்டு முறை நடக்கும் நாட்களில் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்; சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் பல அதற்குள் கிளம்பியிருக்கும், நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

இருட்டில் மெருகேறும் ரைடுகளும் இங்கே உண்டு. ‘செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெய்ன்’ குன்றின் மேலேறும்போது பூங்கா முழுவதும் விளக்குகளாகத் தெரியும். இதற்கு 38 அங்குல உயரம் வேண்டும். 2023இல் வந்த ‘ட்ரான்’ ரைடின் அலைபோன்ற கூரை இரவில் நிறம் மாறி ஒளிரும்; அதில் ஏற 48 அங்குலம் வேண்டும். ஏறாதவர்கள் கீழே நின்று பார்த்தாலும் கண்ணுக்கு விருந்துதான். ‘ஜங்கிள் க்ரூஸ்’ படகு இருட்டில் வேறொரு பயணமாகிவிடும். தாத்தா பாட்டிக்கும் சின்னவர்களுக்கும் ஏற்றது 1917இல் செய்யப்பட்ட குதிரை ராட்டினம். டுமாரோலேண்டுக்கு மேலே மெதுவாகச் சுற்றிவரும் ‘பீப்பிள்மூவர்’ வண்டியும் நல்லது. கால்களுக்குப் பத்து நிமிட ஓய்வு கிடைக்கும். அதில் நகரும் நடைமேடையில் கால் வைத்து ஏற வேண்டும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கை கொடுங்கள்.

வெடிச் சத்தத்துக்குப் பயப்படும் குழந்தை இருந்தால் பூங்காவுக்கு வெளியே, ஏரிக்கு அக்கரையில் உள்ள பாலினீசியன் ஓட்டலின் மணற்கரைக்குப் போகலாம். சத்தம் அடங்கி, வாணம் மட்டும் தெரியும். அதே ஏரியில் 1971 முதல் நடக்கும் ‘எலெக்ட்ரிகல் வாட்டர் பேஜன்ட்’டைப் பார்க்கக் கட்டணம் எதுவும் கிடையாது. மிதவைகளின் மேல் கட்டிய விளக்குச் சட்டங்களில் கடற்குதிரை, ஆமை, கடல்பாம்பு என உருவங்கள் இசையோடு மிதந்து வரும். நம் ஊர்த் தெப்பத் திருவிழாவைப் பார்த்த கண்களுக்கு உடனே பிடித்துப்போகும். பெரும்பாலான இரவுகளில் 9 மணியை ஒட்டிப் புறப்பட்டு ஒவ்வோர் ஓட்டலின் கரையாகப் போகும். நேரத்தை ஓட்டல் வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்காட்: பெரியவர்களின் இரவு

180 அடி உயர வெள்ளிக் கோளம் இரவில் முக்கோணம் முக்கோணமாக ஒளிரும். அதைத் தாண்டிப் போனால் ஏரியைச் சுற்றி மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன், கனடா எனப் பதினொரு நாடுகளின் கட்டடங்கள். முழுச் சுற்று 1.2 மைல். பகலில் நிழல் குறைவான இந்தப் பாதை, மாலை ஆறு மணிக்கு மேல் குடும்பமாகக் காலாற நடக்க நல்ல இடம். மொராக்கோவின் ஓட்டு வேலைப்பாடும் ஜப்பானின் ஐந்தடுக்குக் கோபுரமும் விளக்கொளியில்தான் முழு அழகைக் காட்டும்.

ஏரியில் நடக்கும் ‘லூமினஸ்’ காட்சி 2023 டிசம்பரில் தொடங்கியது. நீரூற்று, வாணம், ஒளி, இசை நான்கும் சேர்ந்து சுமார் 17 நிமிடம். ஏரியைச் சுற்றி எங்கே நின்றாலும் தெரியும் என்பதால் மேஜிக் கிங்டம் அளவுக்கு இட நெருக்கடி இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். புகை உங்கள் பக்கம் வந்தால் ஐந்தாவது நிமிடத்திலிருந்து எதுவும் தெரியாது. காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். காரில் வந்தவர்கள் மெக்சிகோ, கனடா இரண்டுக்கும் நடுவே நின்றால் முன்வாசல் பக்கம். டிஸ்னியின் ரோப் காரில் ஏறித் திரும்புபவர்கள் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள பின்வாசலை ஒட்டி நில்லுங்கள்.

ஹாலிவுட் ஸ்டூடியோஸ்: நிழல் இல்லாத இடங்களை இரவுக்கு வையுங்கள்

‘டாய் ஸ்டோரி லேண்ட்’ 2018இல் திறந்தது. பகலில் அங்கே ஒதுங்க நிழல் இல்லை. கீழே தரையும் சுடும். இரவில் அதே இடம் பெரிய பெரிய வண்ண விளக்குகளோடு குழந்தைகளைக் கட்டிப்போடும். ‘ஸ்லிங்கி டாக் டாஷ்’ ரைடை, 38 அங்குல உயரம் இருந்தால், மூடும் நேரத்துக்குச் சற்று முன்னால் ஏறுங்கள். 2019இல் திறந்த ‘ஸ்டார் வார்ஸ்’ பகுதியும் இப்படித்தான். பகலில் அது படப்பிடிப்புத் தளம். இருட்டில் வேற்றுக் கிரகத்துச் சந்தை. ‘டவர் ஆஃப் டெரர்’ லிஃப்ட் உச்சியில் கதவு திறக்கும்போது ஒரு நொடி ஊரின் விளக்குகள் தெரியும். அதற்கு 40 அங்குலம் வேண்டும்.

இங்கே பார்க்க வேண்டிய காட்சி 1998 முதல் நடக்கும் ‘ஃபேன்டாஸ்மிக்’. ஏறத்தாழ 7,000 பேர் உட்காரக்கூடிய திறந்தவெளி அரங்கம், சுமார் அரை மணி நேரம், தண்ணீர்த் திரையில் படங்கள், நெருப்பு. உட்கார்ந்து பார்க்கலாம் என்பது வயதானவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் இருக்கைக்குச் சாய்மானம் இல்லை. முன் வரிசைகளில் தண்ணீர் தெறிக்கும். நெருப்பு கக்கும் டிராகனும் வில்லன்களும் வருவதால் நான்கு வயதுக்கு உட்பட்ட சிலர் அலறுவார்கள். அப்படிப்பட்ட குழந்தையோடு வரிசையின் ஓரத்தில் உட்காருங்கள். மின்னல் இருந்தால் காட்சி ரத்தாகலாம். எனவே பயணத்தின் கடைசி இரவுக்கு இதை வைக்காதீர்கள்.

அனிமல் கிங்டம்: குளிர் காலத்தில் மட்டும்

நான்கில் சீக்கிரம் மூடுவது இதுதான். கோடையில் பல நாட்கள் சூரியன் மறைவதற்கு முன்பே மூடிவிடுவார்கள். இருட்டைப் பார்க்க வாய்ப்பே இல்லை. டிசம்பர், ஜனவரியில் மூடுவதற்கு முன் இருட்டு கிடைக்கும். அந்த நேரத்தை, 2017இல் திறந்த ‘பண்டோரா’ பகுதிக்கு முழுதாகக் கொடுங்கள். ‘அவதார்’ படத்தில் பார்த்தபடி செடிகளும் நடைபாதையும் நீலமும் பச்சையுமாக மின்னும். போகும் வழியில் 145 அடி உயர ‘ட்ரீ ஆஃப் லைஃப்’ மரத்தின்மேல் விலங்குகள் ஒளியில் அசைவதைப் பார்க்கலாம். சஃபாரி வண்டியை மட்டும் காலையில் முடித்துவிடுங்கள்.

கோடையில் போகிறவர்கள் காலையில் இங்கே, மாலையில் வேறொரு பூங்கா என்று அமைத்துக்கொள்ளலாம். அதற்கு ‘பார்க் ஹாப்பர்’ வசதி சேர்த்த டிக்கெட் வேண்டும்.

தனி டிக்கெட் இரவுகள்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மேஜிக் கிங்டமில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் 31 வரை ஹாலோவீன் விருந்தும், நவம்பரில் தொடங்கி கிறிஸ்துமசுக்கு முன்புவரை கிறிஸ்துமஸ் விருந்தும், குறிப்பிட்ட இரவுகளில் மட்டும் நடக்கும். இரண்டுக்கும் தனி டிக்கெட். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட் வைத்திருப்பவர்கள் மாலை 6 மணிக்கே வெளியேற வேண்டும். இதைத் தெரியாமல் போய், வாணவேடிக்கையைப் பார்க்காமல் திரும்பும் குடும்பங்கள் உண்டு. டிக்கெட் தேதியைப் போடும் முன் அன்று விருந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

விருந்து டிக்கெட் வாங்கியவர்களை மாலை 4 மணி முதலே உள்ளே விடுவார்கள். நள்ளிரவு வரை இருக்கலாம். அன்றைக்கு வேறு டிக்கெட் வாங்காதீர்கள். அந்த எட்டு மணி நேரம் ஒரு குடும்பத்துக்குப் போதும். டிஸ்னியின் உயர்விலை ஓட்டல்களில் தங்குபவர்களுக்குச் சில இரவுகளில் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பூங்கா திறந்திருக்கும். அதற்காகவே அந்த ஓட்டலை எடுக்க வேண்டியதில்லை; எடுத்திருந்தால் தவறவிடாதீர்கள்.

சாப்பாடு

வீட்டுச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் கொண்டுபோகலாம். சூடாக்கத் தேவையில்லாததாக இருக்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரமும் உதிரி ஐஸ் கட்டியும் கூடாது. புளியோதரை, எலுமிச்சை சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி ரோல் எல்லாம் ஏற்றவை. வெயில் காலத்தில் தயிர் சாதம் வேண்டுமென்றால் ஐஸ் பேக்கோடு எடுத்துப் போங்கள். மாலை ஐந்து மணிக்கு மீண்டும் கிளம்பும்போது இதைக் கட்டிக்கொண்டால், ஏழு மணிக்கு உணவக வரிசையில் நின்று பொழுதைக் கழிக்க வேண்டாம்.

வெளியில் சாப்பிடுவதென்றால் ஆறு மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். பால், முட்டை உட்பட எந்த விலங்குப் பொருளும் சேராத உணவுக்கு மெனுவில் இலை அடையாளம் இருக்கும். சந்தேகம் வந்தால் சமையற்காரரை அழைத்துப் பேசச் சொல்லிக் கேட்கலாம், சலித்துக்கொள்ள மாட்டார்கள். அனிமல் கிங்டம் சீக்கிரம் மூடும் நாளில் பக்கத்து ஓட்டலில் உள்ள ‘சனா’ உணவகத்துக்குப் போங்கள். ‘நான்’ ரொட்டியும் விதவிதமான சட்னிகளும் கிடைக்கும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். குடிக்கும் தண்ணீரை விலை கொடுத்து வாங்காதீர்கள். உடனடி உணவுக் கடைகளில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள்.

குழந்தைகளும் பெரியவர்களும்

இருட்டில் குழந்தை கைநழுவினால் தேடுவது கடினம். கிளம்பும் முன் குழந்தையை ஒரு போட்டோ எடுங்கள். அன்று போட்டிருக்கும் சட்டை அதில் தெரியும். உங்கள் செல்பேசி எண்ணைக் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். பெயர்ப் பட்டை அணிந்த ஊழியரிடம் போய் நிற்கச் சொல்லிப் பழக்குங்கள். ஒளிரும் வளையல்களை முன்கூட்டியே டாலர் கடையில் வாங்கிக் கையில் மாட்டிவிட்டால் கூட்டத்தில் கண்டுபிடிக்கலாம். பூங்காவில் விற்கும் விலை உயர்ந்த விளக்குப் பொம்மைக்கு அடம்பிடிப்பதும் குறையும்.

ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கும் இரவில் ஸ்ட்ரோலர் தேவைப்படும். நன்றாக நடக்கும் குழந்தைதானே என்று விட்டுவிடாதீர்கள். ஒன்பது மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடக்கப்போவது நீங்கள்தான். வாடகைக்கும் கிடைக்கும். நிறுத்தும் இடத்தில் ஊழியர்கள் நகர்த்தி வைப்பார்கள் என்பதால் கைப்பிடியில் பளிச்சென்ற ரிப்பன் ஒன்றைக் கட்டுங்கள். கைக்குழந்தைகளுக்குச் சத்தத்தைத் தடுக்கும் ஹெட்ஃபோன் எடுத்துப் போங்கள்.

குழந்தை தூங்கிவிட்டால் பெற்றோரின் இரவு முடிந்துவிடாது. ‘ரைடர் ஸ்விட்ச்’ என்று ஊழியரிடம் கேளுங்கள். ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் ரைடு முடித்து வருவார். பிறகு இருந்தவர் நீண்ட வரிசையில் நிற்காமலே ஏறலாம்.

தாத்தா பாட்டிக்கு வாடகைச் சக்கர நாற்காலி எடுப்பதில் தயக்கம் வேண்டாம். வீட்டில் நன்றாக நடப்பவர்களும் அங்கே மாலைக்குள் ஓய்ந்துவிடுவார்கள். வேண்டாம் என்று அவர்கள்தான் முதலில் மறுப்பார்கள். பையை வைக்க ஆகும் என்று சொல்லியாவது எடுத்துவிடுங்கள்.

வெளியேறும் நேரம்

வாணவேடிக்கை முடிந்த அடுத்த நிமிடம் வாசலை நோக்கி நடக்காதீர்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே பாதையில் இறங்கும் நேரம் அது. பூங்கா இன்னும் திறந்திருந்தால் ஒரு ரைடுக்குப் போங்கள். மூடிவிட்டால் அரை மணி நேரம் ஓரமாக உட்காருங்கள். மெயின் ஸ்ட்ரீட் கடைகள் அப்போதும் திறந்திருக்கும். ஓட்டல் பேருந்துகளும் ஓடிக்கொண்டிருக்கும்.

மேஜிக் கிங்டமில் கார் நிறுத்தும் இடம் ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. மோனோரெயில் வரிசை நீண்டிருந்தால் படகைப் பிடியுங்கள். ஒரு படகில் நூற்றுக்கணக்கானோர் ஏறலாம், காற்றும் வரும். கார் நிறுத்திய இடத்தின் பெயர்ப் பலகையை இறங்கும்போதே போட்டோ எடுத்து வைத்திருங்கள். குழந்தைகள் தூங்கிவிழும் நேரத்தில் யாருக்கும் வரிசை எண் நினைவிருக்காது.

மாலைப் பையில் இருக்க வேண்டியவை

1. பவர் பேங்க். நேரம், வரிசை, உணவு எல்லாம் டிஸ்னியின் செல்பேசி செயலியில்தான்; ஏழு மணிக்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.
2. ஆளுக்கொரு பிளாஸ்டிக் மழை அங்கி. குடை கூட்டத்தில் இடைஞ்சல்.
3. மாற்று சாக்ஸ், குழந்தைக்கு ஒரு செட் மாற்று உடை.
4. தரையில் விரிக்க மெல்லிய துணி அல்லது துண்டு.
5. தண்ணீர் பாட்டில், முறுக்கு, கடலை மிட்டாய் மாதிரி கொறிக்க ஏதாவது.
6. பெரியவர்களின் இரவு மாத்திரைகள். இதை மறந்து பாதியில் திரும்புவோர் பலர்.
7. குளிர் மாதங்களில் ஸ்வெட்டர், குல்லா.

செல்ஃபி ஸ்டிக் எடுத்துப் போகாதீர்கள், அனுமதி இல்லை.

காட்சி நேரங்களும் மூடும் நேரங்களும் நாளுக்கு நாள் மாறும். முந்தைய நாள் இரவே செயலியில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பிறகு, காலையில் எத்தனை ரைடு ஏற வேண்டும் என்று கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு, மதியம் எல்லோரையும் தூங்க வையுங்கள். பகலில் இரண்டு ரைடு குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும். பேரனும் தாத்தாவும் களைப்பில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாணவேடிக்கை பார்க்கும் ஓர் இரவு கிடைத்துவிட்டால், அந்தப் பயணத்துக்குச் செலவழித்த பணம் வீண்போகவில்லை.